அடிப்பானைக்காரர்

கல்யாண வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்த மாத்திரத்தில், பின்கட்டில் இருக்கும் சமையல்காரர் உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போடச் சொல்லிவிடுவார். மலாக்காவில் காஜா பேராங்கிலும் அதைச் சுற்றியும் அந்தக் காலத்தில் நடந்த எந்த விசேஷமானாலும் இதுதான் நடக்கும். கல்யாணமா, காதுகுத்தா, கருமாதியா, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். பத்திரிகை வைத்தார்களா, வைக்கவில்லையா என்றெல்லாம் கணக்குப் பார்க்க மாட்டார். முதல் பந்தியில் உட்காருவார். எல்லாரும் கை கழுவப் போன பிறகு, இலையை மட்டும் மாற்றிக்கொண்டு, அடுத்த பந்திக்கும் அதே இடத்தில் இருப்பார். கடைசியில் பரிமாறின ஆட்கள் சாப்பிட உட்காரும்போது அவர்களுக்குத் துணையாக இன்னொரு கை. பானையின் அடியைப் பார்க்காமல் அவர் வீடு திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் அடிப்பானைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. எனக்குத் தெரியும், ஆனால் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆள் தொந்தியும் தொப்பையுமாக இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒட்டின வயிறு, எலும்பு தெரியும் தோள், கறுத்த நெடிய உருவம். "தின்னதெல்லாம் எங்கதான் போவுதோ" என்று எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பொதுப்பணி இலாகாவில் ரோடு ரோலர் ஓட்டினார். இலாகா ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், லயத்தில், ஒற்றை அறை. பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லை.

அவர் சாப்பிடுகிற அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். அள்ளி அள்ளிப் போடுகிற ரகம் இல்லை. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பதிலேயே அப்படியொரு நிதானம். சோற்றைக் குவித்து, நடுவில் குழி பண்ணி, அதில் சாம்பார் வாங்கிக் கரை உடையாமல் ஒரு பக்கமாகப் பிசைந்துகொண்டே வருவார். விரல் நுனிக்கு மேல் ஒரு பருக்கை ஏறாது. கண் இலையை விட்டு நகராது. வாளி பக்கத்தில் வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்பு. நாமெல்லாம் இலைக்கு மேலே கையை விரித்து மறித்து "போதும் போதும்" என்போமே, அது அவருக்குத் தெரியாத வித்தை. மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் கோயில் அன்னதானத்தில் வாலிபப் பிள்ளைகள் சில பேர் இன்றைக்கு அவர் வாயால் அந்தச் சொல்லை வரவழைத்தே தீருவது என்று மாற்றி மாற்றிப் பாயசத்தைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அவர் பாட்டுக்குக் குடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பாயசம்தான் தீர்ந்தது. பிள்ளைகள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரையே வேடிக்கை பார்த்தார்கள்.

எங்கள் அப்பாவுக்கு மட்டும் அவரைக் கண்டால் ஆகவே ஆகாது.

அப்பா ஒரு சரக்குக் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. மடிப்புக் கலையாத சட்டை, எண்ணெய் வைத்து வாரின அடர்ந்த முடி, அளந்து பேசும் பேச்சு. சாப்பாடும் அப்படித்தான், ஒரு கரண்டி கூடினால் முகம் சுளிப்பார். ஆனால் ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் பந்தி விசாரணை அப்பா பொறுப்பு. யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது, எந்த இலைக்கு என்ன குறைகிறது என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

புக்கிட் பாருவில் ஒரு கல்யாணம். முதல் பந்தி சம்பந்திகளுக்கென்று ஒதுக்கியது, மாப்பிள்ளை வீட்டார் மட்டும் உட்கார வேண்டியது. அதில் நடுவாந்திரமாக அடிப்பானைக்காரர் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தைக் கையில் எடுத்துவிட்டார். அப்பா நேரே போய் அவர் எதிரில் நின்றார். "எந்திரிய்யா" என்றார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாப்பிட உட்கார்ந்தவனை இலையிலிருந்து எழுப்புவதைப் போல ஒரு அவமானம் நம்மில் வேறு இருக்கிறதா? கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை.

அவர் எழுந்தார். கையிலிருந்த கவளத்தை இலையில் போடவில்லை. அப்படியே கையில் ஏந்திக்கொண்டு வெளியே போய், வாசலில் நின்று வாயில் போட்டுக்கொண்டு, கை கழுவினார். பந்தலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் காத்திருந்தார். கடைசிப் பந்தியில் இலை போட்டபோது மறுபடி வந்து அப்பா எதிரில் நின்று, "இப்ப ஒக்காரலாங்களா, கிராணியாரே?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. அப்பா தலையை ஆட்டினார். அன்றைக்கும் அவர் பானையின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் போனார். நான் அப்போதுதான் தமிழ்ப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டே வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் அப்பா கழுத்தில் கட்டி வந்தது.

நெறிகட்டி என்று நினைத்துப் பற்றுப் போட்டோம். அது பாட்டுக்குப் பெருத்தது. பெரியாஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் இது புற்று என்றார். புது மருந்து ஒன்று வந்திருப்பதாகவும், நரம்பு வழியாக ஏற்றினால் கட்டி கரையும் என்றும், ஆனால் ஆளைக் கொஞ்சம் படுத்தும் என்றும் சொன்னார். கொஞ்சமாம்! ஊசி போட்டுக்கொண்டு டாக்ஸியில் வரும்போதே அப்பா மடியில் பேசினை வைத்துக்கொள்வார். குடல் வெளியே வந்துவிடுமோ என்கிற மாதிரி வாந்தி. அது ஓய்ந்தால் வாயில் துருப்பிடித்த ஆணியைக் கடித்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது என்பார். ஊசி ஏறின கையில் நரம்பு கறுத்துக் கயிறு மாதிரி விறைத்துக்கொண்டது. அந்த அடர்ந்த முடி தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. அம்மா அவர் எழுவதற்கு முன்னால் உறையைக் கழற்றி உதறுவாள். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி படுத்திருப்பார்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை சோறுதான். கடுகு வெடிக்கிற வாசனை வந்தால் ஓங்கரிப்பார். கருவாடு வேண்டாம், கோப்பி வேண்டாம், கடைசியில் சோறு வடிக்கிற ஆவிகூட ஆகவில்லை. எங்கள் வீட்டு அடுப்பு அணைந்தது. பின்வீட்டில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன மலாக்காச் செட்டிகளில் ஓர் அம்மாள் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய், தமிழ் ஒரு வார்த்தை வராது. அந்த அம்மாள் தன் அடுப்பில் ஒரு பக்கத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அம்மாவும் நானும் அங்கேயே நின்றபடி ரெண்டு வாய் விழுங்கிவிட்டு, வாயைக் கொப்பளித்து, சேலைத் தலைப்பை முகர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குள் வருவோம். வீட்டில் யாரும் சோறு என்ற சொல்லையே சொல்வதில்லை. டாக்டரோ ஒவ்வொரு தடவையும் அப்பாவைத் தராசில் ஏற்றி உதட்டைப் பிதுக்கினார். மிஸ்ஸி, அங்கே இருந்த நர்ஸ், தமிழ் பேசுகிற பெண். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒடம்புல சத்து எறங்கிக்கிட்டே போனா ஊசிய நிப்பாட்டிருவாங்க டீச்சர். எப்படியாச்சும் சாப்ட வைங்க" என்றாள். எப்படியாச்சும் என்றால் எப்படி? கெஞ்சினோம், அழுதோம், சாமி பேரில் ஆணை போட்டோம். ஒரு கரண்டி கஞ்சி உள்ளே போனால் ரெண்டு கரண்டி வெளியே வந்தது. நாங்கள் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்தாலே அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வருகிறேன். எங்கள் தெருமுனையில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ரோலரை நிறுத்திவிட்டு அதன் நிழலில் அடிப்பானைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பழைய சோறு, சின்ன வெங்காயம், ஒரு துண்டு உப்பு மாங்காய். அவ்வளவுதான். தாரும் புழுதியும் நாறுகிற இடத்தில் உட்கார்ந்து, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த அதே மரியாதையோடு அந்தச் சோற்றைப் பிசைந்தார். மாங்காயைக் கடித்ததும் அவர் கண் ஒரு நொடி மூடித் திறந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். என் வாயில் எச்சில் ஊறியது. எனக்குப் பசித்தது. அப்பாவுக்கு ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பசி என்று ஒன்று வந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்து, "பசியாறியாச்சா, டீச்சரம்மா?" என்றார். யாரைப் பார்த்தாலும், எந்த வேளையானாலும் அவர் கேட்கிற கேள்வி அது. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் வந்து எங்கள் அப்பா முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றேன். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்திருக்கும். அவர் கடைசிப் பருக்கையை வழித்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தார்.

"வர்றேம்மா. ஆனா ஒண்ணு. என்னைய எழுப்பக் கூடாது."

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கல்யாணத்துக்கு வருகிற மாதிரியே வந்தார். கையில் ஒரு வாழையிலை. சூடாக எதையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், ஆற வைத்ததாகக் கொடுங்கள், தாளித்தது வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவின் சாய்வு நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து இலையைத் துடைத்தார். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். முகம் சிவந்தது. "இவன எதுக்குக் கூட்டியாந்தீங்க?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"பசியாறியாச்சா, கிராணியாரே?" என்றார் அவர். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் சாப்பிட ஆரம்பித்தார். அப்பாவைச் சாப்பிடச் சொல்லவில்லை, அப்பா பக்கம் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நான் பேசினைப் பிடித்தேன். அம்மா பதறிப்போய், "கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் போய்ச் சாப்புடுங்களேன்" என்று அவரிடம் கெஞ்சினாள். அவர் எழவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. கையை இலையில் வைத்தபடி, சோறு விரலில் காய்ந்து போகிற வரைக்கும் அப்படியே இருந்தார். அப்பா வாய் கொப்பளித்து, மூச்சு வாங்கிச் சாய்ந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பிசைந்தார். அப்பா அவரை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒனக்கு அருவருப்பே இல்லியாய்யா?"

"சோத்து மேல எனக்கு என்னங்க கோவம்?" என்றார் அவர், நிமிராமலே.

நான் மனிதர்களில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். படித்தவர், பணக்காரர், சாமியார் என்று பல ரகம். அந்த மத்தியானத்தில் பேசினுக்கும் இலைக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்த ஒருவரையும் பார்த்ததில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தார். அடுத்த நாளும் வந்தார். வருவார், கேட்பார், உட்காருவார், சாப்பிடுவார், இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். பேப்பர் நாளுக்கு நாள் கீழே இறங்கியது. ஒருநாள் அவர் சாப்பாட்டுக்கு மேலே, ஐஸ் துண்டு போட்ட நீராகாரத்தைச் செம்போடு தூக்கி, உறிஞ்சுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கக் குடித்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"அது என்ன... எலுமிச்சங்கா பிழிஞ்சிருக்கா?"

அவர் இன்னொரு டம்ளரில் ஊற்றி, அப்பா கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, தன் இலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மாவும் நானும் கதவுக்குப் பின்னால் நின்றோம். அப்பா குடித்தார். நாங்கள் காத்திருந்தோம். அது உள்ளேயே நின்றது. அம்மா பின்வீட்டுக்கு ஓடிப்போய் அந்தச் செட்டி அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்ன விஷயம் என்று புரியாமலே அந்த அம்மாளும் அழுதார்.

அப்படித்தான் அப்பா மறுபடி சாப்பிடப் பழகினார். அவர் ஒரு வாய் எடுத்தால் அப்பாவும் ஒரு வாய். மோர்ச்சோறு, குளிர்ந்த கஞ்சி, நன்றாகக் குழைத்த பருப்பு. ஊசி போட்ட மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்பா வாயில் ஒன்றும் இறங்காது. அந்த நாட்களிலும் அவர் வந்து தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார். தராசில் ஏறினபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கவில்லை. கழுத்துக் கட்டி வற்றியது. அப்பா கண்ணாடியில் தன் மொட்டைத் தலையைப் பார்த்து, "பழனிக்குப் போகாமலே வேண்டுதல் முடிஞ்சிருச்சு" என்று சிரித்தார். அவரை "இவன்" என்று சொன்ன அப்பா இப்போது மணியைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் வரலியே அவரு" என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

எதற்காக இப்படிச் சாப்பிடுகிறீர் என்று ஒருநாள் அப்பாவே கேட்டுவிட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவர் மோரை வழித்துக்கொண்டே, கடைக்குப் போய் வந்த கதை சொல்வது போலச் சொன்னார்.

"ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயிலு போடக் கொண்டு போனாங்கள்ல, அங்க காய்ச்சல்ல கெடக்கறவன் சோத்த வேணாம்னு தள்ளுவான். தள்ளினா அவன் கத முடிஞ்சுச்சு. நான் அவன் முன்னால ஒக்காந்து திம்பேன். பாத்துப்புட்டுச் சில பேரு கைய நீட்டுவான். நீட்டுனவன்ல கொஞ்சப் பேரு ஊரு திரும்புனான்."

"நீட்டாதவங்க?"

"அவுங்க பங்கையும் நான்தாங்க தின்னேன்." விரலை நக்கிவிட்டு இலையை மடித்தார். "அதுதான் இன்னும் முடிய மாட்டேங்குது."

அப்பா தன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு புக்கிட் பாருக் கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் காதில் வாங்காமல், நாளைக்கு என்னம்மா சாப்பாடு என்று அம்மாவிடம் கேட்டபடி கொல்லைப்பக்கம் கை கழுவப் போய்விட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கட்டி மறுபடி வந்தது. இந்தத் தடவை அக்குளிலும் வயிற்றிலும். டாக்டர் மருந்தைக் கூட்டினார். இப்போது வாந்தியோடு வாயெல்லாம் புண். நாக்கில், உள் கன்னத்தில், தொண்டை வரைக்கும். தண்ணீர் விழுங்கினாலே அப்பாவின் கண்ணில் நீர் கட்டும். கறுத்த கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் மிஸ்ஸி காலில் தேடினாள். ஆனாலும் நாங்கள் விடவில்லை. முன்னே ஒரு தடவை ஜெயித்தோமே, இப்போதும் ஜெயிப்போம் என்ற வெறி எங்களுக்கு. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கிண்ணமும் கரண்டியுமாக. அப்பாவும் முன்போலச் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்துகொடுத்தார்.

அன்றைக்கும் அடிப்பானைக்காரர் அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாய் எடுத்தார். நான் அப்பாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன். அப்பா வாங்கிக்கொண்டார். விழுங்க முடியவில்லை. துப்பவும் மனசில்லை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோமே. அந்தச் சோற்றை அப்படியே கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வழிந்தது. அம்மா, "முழுங்குங்க, ஒரு வாய்தானே, எனக்காக முழுங்குங்க" என்றாள். நான் அடுத்த கரண்டியை அள்ளினேன்.

என் கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு கை வந்தது. கல்யாணப் பந்தியில் இலையை மறிக்கிற மாதிரி, விரலை விரித்து, அப்பாவின் கிண்ணத்தை மூடிக்கொண்டது. விரலெல்லாம் மோர்ச்சோறு.

"போதும்" என்றார் அடிப்பானைக்காரர்.

எங்கள் யாருக்கும் அது காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். "போதும்மா." அப்புறம் எழுந்தார். யாரும் எழுப்பவில்லை. பாதிச் சோறு இலையில் இருக்க, அவரே எழுந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கிண்ணத்தை அவர் மேல் வீசியிருப்பேன். அம்மாதான் முந்திக்கொண்டு, "நிப்பாட்டச் சொல்றதுக்கு நீங்க யாரு?" என்று கத்தினாள். அவள் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"வேற யாரு சொன்னாலும் அவரு நிப்பாட்ட மாட்டாரும்மா," என்றார் அவர். "ஒங்களுக்காகத் தின்னுக்கிட்டே இருப்பாரு."

அப்பா பேசினை எடுத்து, வாயிலிருந்ததை அதில் துப்பினார். பிறகு, மோர்ச்சோறு ஒட்டின அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு எல்லாம் புரிந்தது. அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஊசி நாளன்று அப்பா டாக்டரிடம் தானே சொல்லிவிட்டார், வேண்டாம் என்று. டாக்டர் மறுத்துப் பேசவில்லை. மருந்து இனிமேல் முன்போல வேலை செய்யாது என்றுதான் தானும் நினைப்பதாகச் சொல்லி, அப்பாவின் கறுத்த கையைத் தட்டிக்கொடுத்தார்.

ஊசி நின்றதும் வாய்ப்புண் ஆறியது. துரு வாசனை போனது. தலையில் குழந்தைக்கு முளைக்கிற மாதிரிப் பூமுடி முளைத்தது. ஒரு காலையில் அம்மா மறந்து போய் எங்கள் வீட்டு அடுப்பிலேயே கடுகு தாளித்துவிட்டு, ஐயோ என்று நின்றாள். முன்கட்டிலிருந்து அப்பா, "கருவேப்பில போடலியா?" என்று கேட்டார். கட்டி உள்ளே வளர்ந்துகொண்டுதான் இருந்தது, எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சில மாதங்கள் அப்பா தனக்குப் பிடித்ததை, பிடித்த அளவு சாப்பிட்டார். அடிப்பானைக்காரர் வழக்கம்போல வந்தார். அம்மா சில நாள் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் தானாகவே அவருக்கு நிறையப் போட ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில் செங் என்கிற ஊரில் ஒரு கல்யாணம். அப்பா போயே தீருவேன் என்றார். டாக்ஸியில் போனோம். சட்டை தோளில் தொங்கியது, ஆனாலும் மடிப்புக் கலையாத சட்டை. பந்தலில் இலை போட்டிருந்தார்கள். அடிப்பானைக்காரர் முன்னெச்சரிக்கையாக ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரிடம் நடந்து போனார். அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, சம்பந்திகளின் முதல் பந்தியில், நட்டநடுவில் உட்கார வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூமுடித் தலையும் கறுத்த கையுமாக நின்ற அப்பாவைப் பார்த்து யாருக்கும் மறுக்க மனசு வரவில்லை.

பிறகு அப்பா பரிமாறுகிற பையனிடமிருந்து சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டார். நான் தாங்கிப் பிடிக்கப் போனேன், கண்ணாலேயே தடுத்தார். ஆவி பறக்கிற வாளி. அந்த வாசனைக்குத்தான் எங்கள் வீட்டில் அடுப்பை அணைத்து வைத்திருந்தோம். அப்பா அதன் மேல் குனிந்து, கரண்டியால் அடியிலிருந்து கலக்கி, அவர் பண்ணி வைத்திருந்த குழியில் கரை உடையாமல் ஊற்றினார். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அப்பா இன்னொரு கரண்டி ஊற்றினார். சோறு வந்தது, ரசம் வந்தது, பாயசம் வந்தது. எல்லாவற்றையும் அப்பாவே போட்டார். நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். பந்தியில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து, அடுத்த பந்திக்கு நேரமாகிறது, அவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லுங்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவரு போதும்னு சொல்லட்டும்," என்றார் அப்பா, வாளியைக் கீழே வைக்காமல்.

அவர் சொல்லவில்லை. அப்பாவும் நிறுத்தவில்லை.